தாத்தாவுக்குப் பதவி உயர்வு

பழைய பொருளைப் பார்த்து அது இன்னதென்று சொல்வதில் தர்மசங்கடம் எதுவும் இருக்க முடியாது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாணயமோ, முத்திரையோ, பதக்கமோ, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, எழுத்து இருந்தால் படித்து, "இந்த வருஷத்தியது, இந்த ராஜா காலத்தியது" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அன்றிரவு எப்படித் தூங்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அதை யோசிக்கவைத்தவர் கே.கே. நகரில் இருக்கும் ஒரு நண்பர்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அந்த ஊரில் அவருடைய தாய்வழித் தாத்தாவின் வீட்டுக்கு இன்றைக்கும் 'சுபேதார் வீடு' என்றுதான் பெயர். முதல் உலக யுத்தத்தில் தாத்தா பஸ்ராவுக்குப் போனார், சுபேதாராக இருந்தார், துருக்கியர்களோடு சண்டை போட்டுக் குண்டடி பட்டார் என்பது மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. நண்பருடைய மகளின் கல்யாணப் பத்திரிகையில்கூட 'சுபேதார் அவர்களின் கொள்ளுப்பேத்தி' என்று அச்சிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவின் நினைவுப் பொருள்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமென்று நண்பரின் தம்பிக்கு ஆசை. அடியில் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதற்காகத்தான் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் முன்னால் திறந்து வைத்தார் நண்பர்.

உள்ளே மூன்று பொருள்கள் இருந்தன.

முதலாவது, யானை உருவம் போட்ட தொப்பி வில்லை. அது சுலபம். யானை, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னம். 1803-ல் அஸ்ஸாயே என்ற இடத்தில் நடந்த போரில் மதராஸ் சிப்பாய்கள் சண்டையிட்டதற்காகக் கிடைத்தது. ஆனால் டப்பாவில் இருந்த வில்லை தாத்தாவின் காலத்தியது அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு பட்டாளத்துக்குப் போன சின்ன மாமாவுடையது என்று நண்பரே ஒப்புக்கொண்டார். வீட்டு டப்பாக்கள் இப்படித்தான். பல பேருடைய வாழ்க்கை அவற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்துவிடும். பிறகு வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மனிதரின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது, கறுத்துப்போன வட்டப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் ஆடையில்லாத வீரன் ஒருவன் குதிரைமேல் இருக்கிறான். குதிரையின் குளம்பு கழுகு பொறித்த கேடயத்தை மிதிக்கிறது. ஓரத்தில் 1914, 1918 என்ற இரண்டு வருஷங்கள். முதல் யுத்தத்துக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் அது. இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் இருக்காது. முதல் யுத்தத்தின் பதக்கத்தில் பெயர் இருக்கும். முகத்திலோ முதுகிலோ அல்ல, விளிம்பில். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாகச் சின்ன ஆங்கில எழுத்துக்களில் அடித்திருப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்து போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

நான் அப்படித்தான் சுற்றினேன். ஓர் எண் வந்தது. அடுத்து, பதவி இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து எழுத்துக்கள். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ச் சொல் அது: கூலி. அதற்குப் பிறகு தாத்தாவின் பெயர். அதற்குப் பிறகு சுமை தூக்கும் தொழிலாளர் படை ஒன்றின் பெயர்.

பதக்கத்தின் உலோகமும் அதையே சொன்னது. சுமார் 65 லட்சம் பேருக்கு இந்தப் பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெண்கலம் பெற்றவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள், மால்டா தீவுத் தொழிலாளர்கள், இந்தியத் தொழிலாளர்கள். ராஜாவின் தலை ஒன்றுதான், குதிரை ஒன்றுதான், யுத்தம் ஒன்றுதான். உலோகம் மட்டும் வேறு. பந்தியில் இலை போடும்போதே யாருக்கு எந்த வரிசை என்று பார்க்கிற நம் நாட்டுக்கு இது புதிதல்ல. ஆனால் வெண்கலத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வெள்ளிப் பதக்கங்கள் எத்தனையோ வீடுகளில் அடகுக்குப் போயின, உருகிக் கொலுசாயின. இதை அடகுக்கடைக்காரர் வாங்கமாட்டார். அதனாலேயே இது பிழைத்துக் கிடந்தது.

மூன்றாவது, இரண்டு அங்குல நீளமுள்ள மெல்லிய பித்தளைப் பட்டை. பதக்கம் கறுத்திருந்தது, இது மட்டும் மழுங்க மழுங்கத் தேய்ந்து மின்னியது. பார்க்கிறவர்கள் உடைந்துபோன ஏதோ ஒன்றின் துண்டு என்று எறிந்துவிடுவார்கள். இதுதான் காயப்பட்டை. 1916 ஜூலையில் பிரிட்டிஷ் ராணுவம் ஓர் உத்தரவு போட்டது. 1914 ஆகஸ்டு 4-ஆம் தேதிக்குப் பிறகு யுத்தத்தில் காயம் பட்ட ஒவ்வொருவரும், ஒவ்வொரு தடவை காயம் பட்டதற்கும் ஒரு பட்டை, இடது கையின் கீழ்ப்பகுதியில் நெட்டாக வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த உத்தரவு. தங்க நிறப் பின்னல் நாடாவிலும் உண்டு, பித்தளையிலும் உண்டு. 1918-ல் கடல் கடந்து பணி செய்ததற்காக வலது கையில் அணியக் கொடுத்த ஈட்டி முனை போன்ற பட்டையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காயப்பட்டையை 1944-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். சுதந்திர இந்தியாவில் 1973 முதல் காயத்துக்கென்று தனிப் பதக்கமே உண்டு.

அந்தப் பட்டையில் பெயர் இல்லை. அந்த மாதிரிப் பட்டை எதிலும் பெயர் இராது. படைவீரர்களை நினைத்து வகுத்த விதி அது. மூட்டை தூக்கப் போனவரிடம் அது எப்படி வந்தது என்பதற்குப் பட்டையில் ஒரு சாட்சியமும் கிடையாது. பெயருள்ள பதக்கம் தாத்தா சுபேதார் இல்லை என்கிறது. காயத்தைச் சொல்லும் பட்டையோ அது யாருடைய காயம் என்று சொல்லவில்லை.

நான் சொல்லி முடித்தேன். நண்பர் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், இதை நீங்க படிக்கலைன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

வாசகர்கள் இந்தக் கேள்வியை அற்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு பொய் யாரையாவது கெடுத்தால்தானே பொய்? தாத்தா செத்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. பஸ்ராவில் அவரோடு இருந்தவர்கள் யாரும் இல்லை. அவர் சுபேதார் என்று சொன்னதால் யாருடைய சம்பளமும் குறையவில்லை. மாறாக, அந்தப் பெயர் சில நன்மைகளைச் செய்திருக்கிறது. சுபேதார் வீட்டுப் பிள்ளைகள் என்றதால் பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்காரவிட்டார்கள். கடன் கேட்டபோது கிடைத்தது. பந்தலில் கொடிக்கால் எதுவென்று யாரும் கேட்பதில்லை. கொடி மேலே ஏறிக் காய்த்துவிட்டது. இப்போது காலைப் பிடுங்கிப் பார்த்து, "இது தேக்கு இல்லை, சவுக்கு" என்று சொல்வதால் யாருக்கு லாபம்?

இந்த வாதத்துக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "நந்தம்பாக்கம் வரை போய்விட்டு வரலாம், வாருங்கள்" என்று நண்பரை அழைத்துக்கொண்டு போனேன். கே.கே. நகரிலிருந்து அது அதிகத் தூரமில்லை. 1952-ல் அமைத்த யுத்தக் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. இரண்டாம் யுத்தத்தில் இறந்த 857 பேருடைய கல்லறைகள், பசும்புல்லின் நடுவே வரிசை வரிசையாக இருக்கின்றன. அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் கல்லின் உயரத்தில் தெரியாது. சாவில் எல்லாரும் சமம் என்பது காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் தொடக்கத்திலிருந்தே சொல்லிவரும் கொள்கை. பார்க்கும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

ஆனால் தாத்தா போன பஸ்ராவில் இந்தக் கொள்கை செல்லவில்லை. மெசபொடேமியாவில் இறந்து, கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக 1929-ல் அங்கே ஒரு பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 1997-ல் அதை அப்படியே பெயர்த்து, நாசிரியா போகும் சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களைப் படைப்பிரிவுவாரியாக, 'இன்னும் இத்தனை பேர்' என்று எண்ணிக்கையில் முடித்துவிட்டார்கள். இந்த மாதிரி அநீதிகள் நடந்திருக்கின்றன என்று அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

இங்கேதான் எனக்குத் திடுக்கென்றது. இந்திய அதிகாரிகள் என்றால் யார்? ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அதாவது பெயர் உள்ளவனுக்கும் பெயர் அற்றவனுக்கும் நடுவே அன்றைய சர்க்கார் போட்ட கோடு சுபேதாருக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து பொய் சொன்னவருக்கு இந்தச் சின்னத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்த பதவி அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குப் போதுமானதாக இருந்தது. மனிதனாக எண்ணப்பட வேண்டுமானால் இத்தனை உயரமாவது வேண்டும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

முதல் யுத்தத்துக்காக இந்தியாவில் ஆள் சேர்த்தது 14 லட்சத்துக்கும் மேல். அதில் 5,60,000 பேருக்கு மேல் துப்பாக்கி பிடிக்காதவர்கள்: சுமை தூக்கினவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டினவர்கள், துணி வெளுத்தவர்கள். துப்பாக்கி பிடித்தவர்களிலும் தமிழர்களுக்கு மரியாதை குறைவு. 1880-களில் மதராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். வடக்கே உள்ள சில ஜாதிகளே வீர ஜாதிகள் என்ற சித்தாந்தம் வலுத்தது. யுத்தம் முடிந்த பிறகு 1920-களில் மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டபோது அதே தெற்கத்தியானை மறுபடியும் கூப்பிட்டார்கள்.

கூலி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பாஷையில் கூலி என்பது செய்த வேலைக்கு வாங்குகிற காசு. அதில் இழிவு ஒன்றும் இல்லை. கூலி கொடுக்காமல் போகிறவன்தான் நமக்கு இழிந்தவன். ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நம்முடைய இந்தச் சொல்தான் என்பது பலருடைய அபிப்பிராயம். காசுக்கு இருந்த பெயரைத் துரைமார் எடுத்து ஆளுக்கு வைத்தார்கள். கப்பலேறிப்போன சொல், ஒரு மனிதனின் பதவியாக, வெண்கலத்தில் பொறிக்கப்பட்டு வேலூருக்குத் திரும்பி வந்தது.

அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்து வீட்டார் என்ன செய்தார்கள்? அந்தச் சொல்லை மறைத்து, சுபேதார் என்ற சொல்லைப் போட்டார்கள். அது அன்பினால் செய்த காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்பு எதை ஒப்புக்கொண்டுவிட்டது என்று பார்க்க வேண்டும். மூட்டை தூக்கினவன் ஒன்றுமில்லாதவன் என்று துரை சொன்னான். "ஆமாம், அப்படிப்பட்டவன் ஒன்றுமில்லாதவன்தான்; ஆனால் எங்கள் தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை" என்று வீட்டார் பதில் சொன்னார்கள். துரையின் தராசை அப்படியே வாங்கிக்கொண்டு, தாத்தாவை மட்டும் வேறு தட்டில் ஏற்றிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்குக் கொடுத்த பதவி உயர்வு, அவருக்கு நடந்த இரண்டாவது அவமரியாதை.

காயத்தைப் பற்றி நம் முன்னோர்களுக்கும் ஒரு தராசு இருந்தது. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண்ணாக்கிவிட்டது என்று நாணி, ஒரு சேரமன்னன் வடக்கிருந்து உயிர் விட்டான். மகன் புறங்காட்டினான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாளோடு போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடிய கிழத்தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். வெறும் இரண்டு அங்குலப் பித்தளைப் பட்டை இந்த விஷயத்தில் நம்மைவிட இரக்கமுள்ளது. முன்னா, பின்னா, நின்றபோதா, ஓடியபோதா என்று அது கேட்பதில்லை. பட்டது என்று மட்டும் சொல்கிறது. ஆனால் அந்த இரக்கமும் படைவீரனோடு நின்றுவிட்டது. கே.கே. நகரிலேயே, செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. லாரியிலும் இயந்திரத்திலும் சர்க்கரை வியாதியிலும் கை கால் இழந்தவர்கள் அங்கே வந்து போகிறார்கள். அவர்களுடைய சட்டைக் கைக்குப் பட்டை இல்லை.

நம் முன்னோர்களிடம் வேறொரு பழக்கமும் உண்டு. செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. தொறுப்பூசலில் இறந்த ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாயைச் சிங்கம் என்று எழுதவில்லை. நாய் என்றே எழுதி, செய்ததைச் சொல்லி, பெயரையும் போட்டார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக அது நிற்கிறது. மரியாதை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல இலக்கணம் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் நண்பரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது. உள் அறையில் அவருடைய தாயார் படுத்திருந்தார். தாத்தாவின் கடைசி மகள். தொண்ணூறு வயதை நெருங்குகிறவர். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் பேசியது அந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது.

"எங்கப்பா சுபேதாருன்னு உங்க பெரிய மாமன் கட்டிவிட்டது. அவரு வாயால அப்படிச் சொன்னதே இல்ல. மூட்ட தூக்கினேன்னுதான் சொல்லுவாரு. தோள்பட்டையில இம்மாம் பெரிசு காய்ச்சுப் போயிருக்கும். எண்ணெ தேய்க்கிறப்ப நான் தொட்டுப் பாத்திருக்கேன்" என்றார்.

"அப்போ இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

நண்பர் பித்தளைப் பட்டையை அவர் கையில் வைத்தார். அந்த அம்மாள் அதை விரலால் தடவியே தெரிந்துகொண்டார். "இத மட்டும் புளி போட்டுத் தேச்சு வெப்பாரு. அந்த வட்டத்தத் தொடமாட்டாரு. இது அவருது இல்ல. அவருகூட இருந்த ஆளு ஒருத்தருது. வெச்சிருன்னு குடுத்தாராம். பேரு சொல்லியிருக்காரு..." என்று நிறுத்தினார். வெகுநேரம் யோசித்தார். "மறந்துபோச்சு" என்றார்.

நண்பரின் கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான் என்று அப்போது தோன்றியது. பொய் யாரைக் கெடுத்தது என்று கேட்டோமே, இவரைக் கெடுத்தது. ஒரு வீட்டின் ஞாபகத்தில் இடம் கொஞ்சம்தான். சுபேதார் என்ற ஒரு சொல்லை மூன்று தலைமுறை பொத்திப் பொத்திக் காப்பாற்றின அந்த வீட்டில், தாத்தா தன் பதக்கத்தைவிடப் பெரிதாக மதித்த ஒரு மனிதரின் பெயருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. தாத்தாவை யாராவது உட்காரவைத்து, "பஸ்ராவில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் அந்தப் பெயர் பிழைத்திருக்கும். சுபேதாருக்குப் பேரன்களாக இருந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்ற பயம் கேள்வியை விழுங்கிவிட்டது.

சட்டம் மாட்டியாகிவிட்டது. யானை வில்லையை எடுத்துச் சின்ன மாமாவின் மகனிடம் கொடுத்துவிட்டார்கள். பதக்கத்தை, விளிம்பு தெரியும்படி ஒரு கட்டைமேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சீட்டில் தாத்தாவின் பெயர், அதன் கீழே, 'பஸ்ராவில் மூட்டை சுமந்தார்' என்று இருக்கிறது. பட்டை தனியாக இருக்கிறது. 'இவர் நண்பருடையது' என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நண்பரின் தம்பிக்கு இதில் சம்மதம் இல்லை. கல்யாணத்துக்கு வந்தார், அண்ணனோடு சரியாகப் பேசவில்லை. ஊரில் வீட்டின் பெயரும் மாறவில்லை, மாறவும் மாறாது.

பஸ்ராவில் கல்லில் இடம் கிடைக்காதவர்களின் பெயர்கள் இப்போது அந்த ஆணையத்தின் ஏட்டில் தேடிப் படிக்கக் கிடைக்கின்றன. தாத்தாவின் தோழர் அங்கே செத்தாரா, பிழைத்து ஊர் திரும்பினாரா என்பதே தெரியாது. ஆகவே அந்த ஏட்டில் அவர் இருக்க வேண்டுமென்று ஒரு நியாயமும் இல்லை. இதை நான் நண்பரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தமிழ்ப் பெயராகத் தோன்றுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். சாயங்காலம் காப்பி கொடுத்த பிறகு, தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பத்துப் பெயராகப் படிக்கிறார். அந்த அம்மாள் ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடி யோசித்து, "இல்ல" என்கிறார். அடுத்த பெயரைப் படிக்கிறார் நண்பர்.